சனிக்கிழமைச் சங்கு

பேரிடர் கட்டுப்பாட்டு அறை என்று பலகை என்னவோ பெரிசுதான். மேட்டில், நகராட்சிக் கட்டடத்து மாடியில், ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சைரன் பொத்தான். அதற்குப் பொறுப்பானவளை ஊர் சங்குக்காரி என்றுதான் சொல்லும். கட்டிக்கொண்டவனே அப்படித்தான் கூப்பிடுகிறான் என்று கேள்வி.

சனிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் சங்கை ஊதிச் சரிபார்க்க வேண்டும். நகராட்சி அதிகாரியின் ஏற்பாடு. முடிவெட்டுகிறவர் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துவார். தையல்காரர் சாப்பிட எழுவார். நிஜ ஆபத்து அதே நேரத்தில் வந்தால் எவன் நம்புவான், நேரத்தை மாற்றுங்கள் என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். வெள்ளம் மணி பார்த்தா வரும் என்று அதிகாரி சிரித்தாராம்.

வந்தது. ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, மேலே ஏரிக்கரை உடைந்ததாகத் தகவல். அரைமணியில் ஆற்றோரப் பள்ளத்தெரு முழுகிவிடும். அவளுடைய நாத்தனார் கைக்குழந்தையோடு குடியிருப்பது அங்கேதான்.

ஊதினாள். சன்னல் வழியே பார்த்தால், முடிவெட்டுகிறவர் நிதானமாக முள்ளைத் திருகிக்கொண்டிருந்தார். தெருத்தெருவாய்ப் போய் அறிவிக்க வேண்டிய ஒலிபெருக்கி வண்டியோ அதிகாரியின் மைத்துனரை ரயிலேற்றப் போயிருந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"உங்க ஒத்திகைக்கு நான்தான் கெடச்சேனா அண்ணி? அடுப்புல வேல கெடக்கு," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷமும் ஊரை நம்பவைப்பதுதான் தன் வேலை என்று நினைத்திருந்தாள் சங்குக்காரி. நம்பி ஒரு ஈ காக்கை நகரவில்லை. எரிச்சல்பட்டாவது நகரட்டும் என்று பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் நின்றாள்.

சங்கு நிற்கவில்லை. தொட்டிலில் குழந்தைகள் அலறின. முடிவெட்டுகிறவர் கை நடுங்கி யார் மீசையிலோ பாதி போயிற்று. பொறுக்க மாட்டாமல், அவளை நாலு கேள்வி கேட்கவென்றே பள்ளத்தெரு மேடேறி வந்தது. எல்லாருக்கும் முன்னால் நாத்தனார், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கரண்டி.

சங்குக்காரி சங்கை நிறுத்திவிட்டுச் சன்னலைக் காட்டினாள். ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆண்கள் இறங்கி ஓடி, நடக்க மாட்டாதவர்களைத் தூக்கி வந்தார்கள். கடைசி ஆள் மேடேறும்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

எல்லாம் முடிந்த பிறகு, சட்டை மடிப்புக் கலையாமல் அதிகாரி அந்த ஒலிபெருக்கி வண்டியிலேயே வந்திறங்கினார்.

"பாத்தீங்களா, வாராவாரம் ஊதினதுல ஜனங்க எவ்வளவு பழகியிருக்காங்க."

"பழகினதாலதான் சார் சாக இருந்தாங்க," என்றாள். "அடுத்த சனிக்கிழமை ஊத மாட்டேன். இனிமே ஊதினா ஓடணும், அவ்வளவுதான். எழுதிக் கேளுங்க, எழுதித் தர்றேன்."

அதிகாரி ஆதரவு தேடிக் கூட்டத்தைப் பார்த்தார். நாத்தனார் கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க அண்ணிய திட்டறதுக்கு நாங்க இருக்கோம் சார். நீங்க மொதல்ல அந்த வண்டிய இங்க விடுங்க."