தரை டிக்கெட்டில் ஒரு நாய்

தென்காசிக் கொட்டகையின் மணல் தரையில் முழங்கால் ஊன்றி, பெண்கள் பகுதிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான் வீரபாகு. டிக்கெட் கிழிப்பவன் அவன். இனி ஒரு நாய் உள்ளே நுழைந்தாலும் வேலை போய்விடும் என்று முதலாளி காலையில்தான் எச்சரித்திருந்தார். அவரே இப்போது பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, பொம்பளையாளு மூஞ்சியில என்னத்துக்கு வெளிச்சம் அடிக்கே?" என்று ஒருத்தி சீறினாள்.

"நாயைத் தேடுதேன், மைனி."

"உன் வீட்டுல போய்த் தேடு."

சிரிப்பு எழுந்த பக்கம் டார்ச்சைத் திருப்பினான். குற்றாலத்தில் பழம் விற்கும் பேராச்சியின் முந்தானைக்குள்ளிருந்து கறுத்த ஒற்றைக் காதோடு ஒரு சின்ன வெள்ளை நாய் எட்டிப் பார்த்தது.

"வெளிய கொண்டு போயிரு, அக்கா. என் பொழப்பு போயிரும்."

"அடுத்த பாட்டு முடியட்டும்டே, நானே போயிருதேன். இது குலைக்காது."

"நாய்க்கு என்ன சினிமா வேண்டிக் கிடக்கு?"

"இதுக்கு வேணும்" என்றாள் பேராச்சி. இடத்தை விட்டு அசையவில்லை.

வேறு வழியில்லாமல் வீரபாகு நாயைத் தூக்கினான். அதற்குள் முதலாளி எழுந்து வந்துவிட்டார். தொலைந்தோம் என்று அவன் நினைத்தபோது கொட்டகை முழுக்க விசில் பறந்தது.

முதலாளி திரையைப் பார்த்தார், அவன் கையிலிருந்த நாயைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இத என் நாற்காலியில கொண்டு இருத்துடே" என்றார்.

வீரபாகு திரும்பிப் பார்த்தான். திரையில் குற்றால அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பாடும் கதாநாயகியின் கைகளில், கறுத்த ஒற்றைக் காதை ஆட்டியபடி நனைந்துகொண்டிருந்தது பேராச்சியின் நாய்.