சாப்பாட்டு அறைச் சுவரில் சிவப்புக் கோடு

அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்கள் எல்லாம் இருந்தது போலப் பேசுகிறார்கள். நான் இருந்தேன், இந்தக் குடும்பத்தில் மூத்தவள், பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் இருந்தார். இயந்திர வரைபடம் வரைவதே ஆயுள் முழுக்க அவருக்கு வேலை, இன்றும் பென்சிலைப் பிளேடால்தான் சீவுவார். என் தம்பி இருந்தான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், சட்டம் படிக்காவிட்டாலும் வீட்டில் அவனுக்குப் பெயர் வக்கீல். கடைசித் தங்கை இருந்தாள். நூலகத்தில் வேலை பார்த்து, முழங்கால் மடங்காமல் போனதால் முன்னதாகவே விலகியவள், எங்கள் எல்லோருக்கும் சின்னவள். என் மருமகள் இருந்தாள்; கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவள். நடுவில், இரவல் வாங்கிப்போன ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் தர மாடி வீட்டுக்காரர் வந்தார். கதவருகில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார். வேறு யாரும் இல்லை.

பேச்சு சின்னவளின் பங்குகளைப் பற்றியது. அப்பா பம்ப் கம்பெனி ஒன்றில் வார்ப்புப் பிரிவு மேஸ்திரியாக இருந்தவர். கம்பெனி பங்கு வெளியிட்டபோது தொழிலாளிகளுக்கும் கொடுத்தார்கள். அப்பா தன்னுடையதை விற்காமல் வைத்திருந்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட சின்னவளுக்கு எழுதி வைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை அதிலிருந்து லாபப் பங்காக வரும் டிவிடெண்டும் அவளுடைய சிறிய ஓய்வூதியமும் சேர்ந்துதான் அவளை அவளுடைய இரண்டு அறை வீட்டில் யார் தயவும் இல்லாமல் வைத்திருக்கின்றன. "இவ யார் வீட்லயும் ஒண்டிக்கிட்டு நிக்கக் கூடாது, நீ பாத்துக்கோ" என்று அப்பா என்னிடம் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பங்கு கரைந்து போனால் ஒண்டத்தான் வேண்டும். தம்பி அதற்கும் தயாராகி, தன் வீட்டில் ஒரு அறையைக் காலி செய்து, புது மெத்தை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டான். பாசத்தில்தான் செய்தான். எனக்கு அந்த மெத்தையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

பங்கு சின்னவள் பெயரில் இருந்தாலும், அப்பா விட்டுப்போன எதையும் நாங்கள் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சம்மதிக்காமல் விற்பதில்லை. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

சுவரில் என் வீட்டுக்காரரின் கிராஃப் தாள் ஒட்டியிருந்தது. தினமும் மாலையில் அந்தப் பங்கின் அன்றைய விலைக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார். பிறகு கடைசி இருநூறு வியாபார நாட்களின் விலையைக் கூட்டி, இருநூறால் வகுத்து, வரும் சராசரிக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கோட்டை இழுப்பார். விலை அன்றாடம் குதிக்கும், விழும். அதைப் பார்த்து அவசரப்படாமல் இருக்கத்தான் இந்த நீண்ட காலச் சராசரி என்பார். கறுப்பு, சிவப்புக்கு மேலே இருந்தால் நிம்மதி. கீழே போய் அங்கேயே கிடந்தால் யோசிக்க வேண்டும்.

கறுப்பு கீழேதான் கிடந்தது.

"அக்கா, தெரியுதா? தெரியலன்னா நாளைக்குக் கடைக்கு வா, நல்ல கண்ணாடியா போட்டு விடறேன்" என்றான் தம்பி. "கறுப்பு தரையில படுத்திருக்கு. சிவப்பு மேலேருந்து மாடிப்படியில உருண்டு வர்ற மாதிரி வருது. சராசரியே விழுதுன்னா, இனிமே என்ன இருக்கு? கெடைக்கிற வெலைக்கு வித்துட்டு, இவ எங்க வீட்டுக்கு வந்துடட்டும்."

"லாபம் கூடியிருக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்கு" என்றேன். "அப்பா நின்னு வேலை பார்த்த கம்பெனி."

"அப்பா நின்னாருன்னு வெலையும் நிக்கணும்னு சட்டமா?"

"சட்டம் எல்லாம் உனக்குத்தானேடா தெரியும்."

சின்னவள் காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மெத்தை பஞ்சாண்ணா, ஸ்பாஞ்சா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்கிறாளா, தெரிந்துகொள்ளக் கேட்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அன்று எனக்குப் புரியாமல் போனவற்றில் அது முதலாவது.

நான் எழுந்துபோய்த் தாளின் அருகே நின்றேன். கட்டில் காலில் தொங்கும் ஜுரச் சார்ட்டைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். இடது ஓரத்தில், தாள் ஆரம்பிக்கும் இடத்தில், ஏதோ உறுத்தியது. முதல் நாளே கறுப்பு இருநூறில் இருக்கிறது, சிவப்பு நானூறில் இருக்கிறது. நேற்றுவரை ஒருவனுக்குச் சராசரி ஜுரம் நூற்று நான்கு, இன்று காலையில் தொண்ணூறு என்றால், ஒன்று ஆள் போய்விட்டான், இல்லையென்றால் தெர்மாமீட்டரை மாற்றிவிட்டார்கள்.

"இந்தத் தாள் ஆரம்பிச்ச அன்னிக்கு என்ன நடந்துது?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"பழைய தாள் முடிஞ்சுது."

"ஏன் முடிஞ்சுது?"

"கீழ எடமில்ல. புள்ளி தாளை விட்டு வெளிய போயிடுச்சு. அதான் புதுசு போட்டேன்."

இதை அவர், பால் தீர்ந்தது, வாங்கி வந்தேன் என்பது போலச் சொன்னார். பழைய தாளை அலமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். சுருட்டி, ரிப்பன் கட்டி வைத்திருந்தார். மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர்களை வைத்தோம். கறுப்பு நானூறுக்குப் பக்கத்திலேயே ஏறி இறங்கி வந்து, கடைசி நாளில் ஒரே குதியாகத் தாளின் அடியில் மறைந்துவிட்டது.

மருமகள் தேதியைப் பார்த்தாள். "மாமா, இது போனஸ் பங்கு கொடுத்த நாளாச்சே. ஒண்ணு வச்சிருந்தவங்களுக்கு இன்னொண்ணு சும்மா கொடுத்தாங்க. பங்கு ரெண்டு மடங்கானா ஒவ்வொண்ணோட வெலை பாதியாகும். சித்திக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

"போனஸா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றான் தம்பி.

"எனக்கு லெட்டர் வந்துது. அத்தான்கிட்ட கொடுத்தேன்" என்றாள் சின்னவள்.

"ஃபைல்ல வச்சிருக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வச்சீங்க மாமா, சரி. ஆனா போனஸுக்கு முந்தின வெலையெல்லாத்தையும் பாதியாக்கிட்டுத்தானே சராசரி எடுக்கணும்? நீங்க பழைய நானூறையும் புது இருநூறையும் ஒண்ணாக் கூட்டியிருக்கீங்க. நாள் ஆக ஆக நானூறு கழிஞ்சு இருநூறு சேருது. அதான் சிவப்பு இறங்குது. கம்பெனி இறங்கல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அளந்ததை நான் திருத்த மாட்டேன். அன்னிக்கு நானூறுக்கு வித்தது நானூறுதான். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அளவைத் திருத்தினான். அவன் வரைஞ்ச ஷாஃப்ட் இன்னிவரைக்கும் எந்த ஓட்டையிலயும் நுழையல."

இது அவருடைய குணம். வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள்; இவ்வளவு நேர்மையாக, இவ்வளவு அழகான கையெழுத்தில் நிச்சயமாகச் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுச் சுவரோடு போக வேண்டிய விஷயம். ஆனால் உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் இதை மட்டும் மூடி வைப்பது எனக்கு அழகல்ல.

மருமகள் போனில் கணக்குப் போட்டாள். பழைய விலைகளைப் பாதியாக்கினால் சராசரி இருநூறுக்குச் சற்றுக் கீழே வந்தது. அன்றைய விலை இருநூற்றுப் பதினைந்து. கறுப்பு மேலே, கோடு கீழே. சிவப்பை அழிக்கச் சம்மதிக்காமல், என் வீட்டுக்காரர் பச்சை மையில் புதுக்கோடு ஒன்று போட ஆரம்பித்தார்.

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். "வக்கீல் ஐயா ஏதாவது சொல்றீங்களா?"

"நான் என்ன விக்கணும்னு வேண்டுதலா வச்சிருக்கேன்? கோடு நல்லாயிருந்தா வச்சுக்கட்டும்" என்றான் தம்பி. அவன் எப்போதும் இப்படித்தான். கட்சி மாறினால் தலைவனாகவே மாறுவான்.

எல்லோருக்கும் டீ போட்டேன். நான் ஜெயித்திருந்தது அந்த டீ ஆறுகிற வரைக்கும்தான்.

"கோடு சரியாயிடுச்சு" என்றாள் மருமகள். "ஆனா அத்தை, நான் ஆண்டறிக்கையப் பார்த்தேன். கேஷ் ஃப்ளோ சரியில்ல."

"லாபம் இருக்குல்ல?"

"லாபம் இருக்கு. பணம் இல்ல."

கதவு தட்டப்பட்டதும் மாடி வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே வந்ததும் இந்த இடத்தில்தான். அலமாரி மேல் வைக்கச் சொன்னேன். அவர் வைப்பதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"லாபம் இருந்து எப்படிம்மா பணம் இல்லாமப் போகும்?" என்றேன்.

"வித்ததெல்லாம் கடனுக்கு, அத்தை. ஏஜெண்ட் பம்ப்பை எடுத்துட்டுப் போனா அன்னிக்கே விற்பனைன்னு எழுதி லாபம் காட்டலாம். அவன் பணம் கொடுத்தாத்தானே கைக்கு வரும்? ரெண்டு வருஷமா வரல. தொழில்ல இருந்து வந்த பணத்தை விடப் போன பணம்தான் அதிகம்."

"எனக்குத் தெரியும்" என்றான் தம்பி. "என் கடையில மூக்கு மேல மாட்டிட்டுப் போறவன் அடுத்த மாசம் தரேன்பான். அப்புறம் தெருவுல என்னைப் பாத்தா, கண்ணாடி போட்டுக்கிட்டே கண்ணு தெரியாத மாதிரி போவான்."

"அப்புறம் டிவிடெண்ட் எப்படி வந்துது?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"கடன் வாங்கித்தான் கொடுத்திருக்காங்க" என்றாள் மருமகள்.

மாடி வீட்டுக்காரர் "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரைச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முதலில் கோடு கெட்டது என்றார்கள், நான் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு கோடு நல்லது என்றார்கள், விற்கச் சொன்னவன் வைத்துக்கொள்ளச் சொன்னான். இப்போது கோடு நல்லதாகவே இருக்கிறது, ஆனால் பெட்டி காலி. வார்டில் இப்படி வந்ததுண்டு. சார்ட்டில் ஜுரம் இல்லை, நாடி ஒழுங்கு, ஆனால் ஆள் சாப்பிடவில்லை. அங்கே டாக்டரைக் கூப்பிடலாம். இங்கே யாரைக் கூப்பிடுவது?

"ரெண்டுல எதைத்தான் நம்பறது?" என்றேன்.

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "ஊர் அந்தக் கம்பெனியப் பத்தி என்ன நினைக்குதுன்னு கோடு சொல்லுது அத்தை. வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு கேஷ் ஃப்ளோ சொல்லுது."

இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றே நான் வளர்ந்தேன். ஒன்றாக வைத்திருக்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டேன்.

"வச்சுக்கலாம்" என்றான் தம்பி. "ஊரே நல்லதுன்னு நினைக்கும்போது நமக்கென்ன?"

"பச்சைக் கோடு ஏறுது" என்றார் என் வீட்டுக்காரர், தாளிலிருந்து முகத்தை எடுக்காமல்.

சின்னவள் ஸ்டூலிலிருந்து காலை இறக்கினாள். இறக்கும்போது வலிக்கும், முகத்தில் காட்டமாட்டாள். "அப்ப ரெண்டு வருஷமா எனக்கு வந்தது கடன் பணமா?"

"ஆமா சித்தி."

"அதுல நான் ஜன்னலுக்குத் திரை வாங்கினேன்." அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, அப்பா கடன் வாங்கி யாருக்காவது சாப்பாடு போட்டிருக்காரா?"

போட்டதில்லை. இருந்ததைப் போடுவார், இல்லாத அன்று இல்லை என்பார். அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் நான் அந்தப் பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அதே பெயரைச் சொல்லி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"வித்துட்டா உனக்கு மாசச் செலவுக்கு?" என்றேன்.

"பாங்க்ல போடறேன். வட்டி கொஞ்சம் குறையும். பரவாயில்ல, போதும். விலை நல்லாயிருக்கும்போதே வித்தாத்தான் போதும். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வித்தா அண்ணனோட மெத்தைதான்."

நான் சரி என்றேன். அவனும் சரி என்றான். சின்னவள், "ஒண்ணே ஒண்ணை மட்டும் வச்சுக்கறேன். பங்குதாரர் கூட்டத்துக்குப் போய், எங்க அப்பா இருந்திருந்தா இப்படிச் செய்வீங்களான்னு கேக்கணும்" என்றாள்.

மறுநாள் காலை சந்தை திறந்ததும் விற்றாள். அந்த வாரமே விலை இன்னும் ஏறியது. தம்பி சுவரைப் பார்த்து உச்சுக் கொட்டினான். என் வீட்டுக்காரர் இன்றும் அந்த ஒற்றைப் பங்குக்காகத் தினமும் புள்ளி வைக்கிறார்; சிவப்பு அப்படியே பாதியில் நிற்கிறது, பச்சை ஏறிக்கொண்டிருக்கிறது. செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மருமகளைக் கேட்டேன். "தெரியாது அத்தை, ஆனா நான்னா வித்திருப்பேன்" என்றாள். இது என்ன பதில் என்றும் எனக்குப் புரியவில்லை.

இதற்கிடையில், மாடியிலிருந்து இறங்கித் தெருவில் ஒரு பேச்சு. எங்கள் குடும்பம் கடனில் மூழ்கிவிட்டதாம், நான் சின்னவளின் வீட்டை விற்க வைத்தேனாம், அவள் இப்போது தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாளாம். மெத்தை வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். மெத்தை வந்தது உண்மை. முதுகுவலி என்று தம்பியே அதில் படுக்கிறான். கடனில் இருப்பது அந்தக் கம்பெனி, நாங்கள் இல்லை. சின்னவள் விற்றது பங்கை. வீட்டை விற்கவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள்.