வலது ஓரத்து வெட்டு

கன்னியம்மா குத்திய அட்டைகளில் மூன்று வாரமாக ஒரு தப்பும் அகப்படவில்லை. ஃப்ளோராவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

1972. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு. அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் கம்ப்யூட்டர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஏசி குளிரில். அதற்குத் தீனி அட்டைகள். கன்னியம்மா தாளைப் பார்த்துக் குத்தும் மெஷினில் எண்களைத் தட்டுவாள். அட்டையில் ஓட்டை விழும். பிறகு ஃப்ளோரா அதே அட்டையைச் சரிபார்க்கும் மெஷினில் வைத்து, அதே தாளைப் பார்த்து, அதே எண்களை மறுபடி தட்டுவாள். அவள் தட்டியதும் ஓட்டையும் ஒத்துப்போனால் அட்டை நகரும். போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று தரம் தட்டியும் ஒத்துவராவிட்டால் மேல் ஓரத்தில் ஒரு வெட்டு விழும்: தப்பு. கடைசி எண் வரை ஒத்துப்போனால் வலது ஓரத்தில் ஒரு வெட்டு: சரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டரை இயக்கும் வேலையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பிரிவுத் தலைவர் லோகநாதன் சொல்லிவிட்டார்: இப்போது கையிலிருக்கும் அட்டைக்கட்டைத் தப்பில்லாமல் முடித்தால் கன்னியம்மாவுக்கு, இல்லையென்றால் சீனியாரிட்டிப்படி ஃப்ளோராவுக்கு.

கட்டு, கல்லூரிப் பேராசிரியர் செல்வநாதனுடையது. ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானம், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நாலு மணி நேரத்தை அவருக்கு இனாமாக விட்டிருந்தார்கள். அவர் வந்தால் நேரே கன்னியம்மாவிடம்தான் போவார். ஒரு நாள் அவளுடைய சாப்பாட்டுப் பையிலிருந்த தேங்காயை எடுத்தார்.

"இதை உடைச்சுப் பார்த்தா வாங்கினே?"

"காதாண்ட வெச்சு ஆட்டிப் பார்த்தேன் சார். தண்ணி கீதான்னு."

"பூமியையும் அப்படித்தான். ஆட்டறது பூகம்பம். அந்த அதிர்வு உள்ளே போய், எந்த ஊருக்கு எத்தனை நிமிஷத்துல வந்து சேருதுன்னு கேட்டுக்கறோம். நீ குத்தற அட்டை பூரா அந்த நேரம்தான். உள்ளே இத்தனை அடுக்கு, இன்ன வேகம்னு நாமளா ஒரு பூமியை வெச்சுக் கணக்குப் போடறோம். நேரம் ஒத்துவரலேன்னா அடுக்கை மாத்தி மறுபடி. கையால போட்டா என் ஆயுசு பத்தாது. இந்த மெஷினுக்கு ஒரு மத்தியானம் போதும்."

பக்கத்து மேஜையில் ஃப்ளோரா தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அவளும்தான் இங்கே இருக்கிறாள். அவளிடம் யாரும் தேங்காயைக் காட்டியதில்லை.

வியாழக்கிழமை ஓர் அட்டையில் 8 இருந்தது. தாளிலும் 8. ஃப்ளோராவின் விரல் 9-ஐத் தட்டியது. சிவப்பு விளக்கு. மறுபடி 9. மறுபடி. மேல் ஓரத்தில் வெட்டு விழுந்தது. மனசு ஜில்லென்று இருந்தது. அன்றைக்கு அப்படி ஆறு அட்டை.

லோகநாதன் ஆறையும் கன்னியம்மாவின் மேஜையில் வைத்தார். "இன்னாம்மா, கண்ணு எங்க கீது?"

கன்னியம்மா முகம் செத்துப்போய் ஆறையும் புதிதாகக் குத்தினாள். குத்தியவள், பழைய அட்டையின் மேல் புது அட்டையை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு ஓட்டை விடாமல் வெளிச்சம் வந்தது. ஆறிலும்.

"ஃப்ளோராக்கா, இத்தப் பாரேன். பழசும் புதுசும் ஒண்ணுதான். ஒன் மெஷினுக்குத்தான் இன்னாவோ பேஜாரு."

"இருக்கும்," என்றாள் ஃப்ளோரா. மெஷின் தலையில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள்.

தீரவில்லை. லோகநாதன் அட்டைகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "சரியைத் தப்புன்னு சொன்ன மெஷின், எத்தனை தப்பைச் சரின்னு சொல்லியிருக்கோ. ரெண்டாயிரம் அட்டையையும் நம்பறதுக்கில்ல. மெக்கானிக் வர நாலு நாள் ஆவும். சனிக்கிழமை போச்சு. செல்வநாதன் சாருக்குப் போன் பண்ணிடறேன்."

"அடுத்த சனிக்கிழமை, சார்?" கன்னியம்மா கேட்டாள்.

"இனாம் ஒரு தரம்தான். இனிமே வருஷக் கணக்கு முடிப்பு. மெஷின் சும்மா இருக்காது."

அவர் போனில் எண்ணைச் சுழற்றத் தொடங்கினார். ஃப்ளோரா தன் மேஜையிலிருந்த கட்டைப் பார்த்தாள். மூன்று வாரம். அந்த ஆறைத் தவிர ஒவ்வொரு எண்ணும் அவள் விரலும் ஒருமுறை தட்டி ஒப்புக்கொண்ட எண்.

"வச்சிருங்க சார்," என்றாள். "மெஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் வேணும்னு மாத்தித் தட்டினேன். அந்த ஆறு மட்டும்தான்."

லோகநாதன் ரிசீவரை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். கன்னியம்மா மட்டும் கேட்டாள்: "நான் இன்னாக்கா பண்ணேன் ஒன்ன?"

ஃப்ளோரா தன் மெஷின் பக்கம் திரும்பினாள். புதிதாகக் குத்திய ஆறையும், லோகநாதன் பக்கத்தில் நிற்க, தட்டிச் சரிபார்த்துக் கொடுத்தாள். ஒரு மாதச் சம்பள வெட்டும் ஒரு மெமோவும் வந்தன.

சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா நின்றாள், குளிருக்குப் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு. செல்வநாதன் அவளிடம் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். ஃப்ளோராவுக்கு மறுபடி வயிறு எரிந்தது. அது குறையவே இல்லை.

அட்டைக்கட்டை மெஷினில் வைக்குமுன் கன்னியம்மா அதை மேஜையில் தட்டி நேராக்கினாள். ரெண்டாயிரம் வெட்டுகளும் ஒரே கோட்டில் சேர்ந்து, வலது ஓரத்தில் ஒரு வாய்க்கால் போலத் தெரிந்தன. எங்காவது தூர்ந்திருந்தால் அந்த அட்டை சரிபார்க்காதது. கன்னியம்மா அதில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தாள். எங்கும் தடங்கவில்லை.

பிறகு கண்ணாடி வழியே ஃப்ளோராவைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, கட்டை உள்ளே வைத்தாள்.