கை சும்மா போகாத வீடு

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தெரியும். ஐந்து பேருக்குச் சமைக்கத் தெரியாது. இதைச் சொன்னால் என் மாமனாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வரட்டும். உள்ளதைச் சொல்ல நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மாமனார் விருந்துச் சமையல் கான்ட்ராக்டர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பெற்ற பிள்ளைகள்கூட அவரை அப்பா என்று அழைத்து நான் கேட்டதில்லை. மசாலா அரைக்கிற பொறுப்பு மாமியாருடையது. சாமான் வாங்குவதும் பாத்திர லாரி ஓட்டுவதும் என் கணவர் வேலை. கொழுந்தனார் அண்டா கிளறுகிறவர். அவர் உயரத்துக்கு ஒரு கரண்டியை எந்நேரமும் பிடித்துக்கொண்டு நிற்பதால் அவருக்குப் பெயரே கரண்டி ஆகிவிட்டது. நான் மட்டும் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸை இழைத்துக் கொடுக்க வேண்டும். மயிரிழை அதிகமாக இழைத்துவிட்டால் லென்ஸ் குப்பைக்குத்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒன்று புரியவேயில்லை. இத்தனை சமையல்காரர்கள் இருக்கிற வீட்டில் அடுப்பு எரிவது டீ போட மட்டும்தான். சாப்பாடு வாளியில் வரும். எந்த மண்டபத்தில் என்ன விருந்தோ, அதில் மிஞ்சியது மூடி போட்ட வாளிகளில் லாரியேறி வீடு வந்து சேரும். மறுநாள் அதைச் சுடவைத்துச் சாப்பிட வேண்டியதுதான். குழம்பின் மேல் ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்கும். உள்ளே காய் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அது கத்தரிக்காயா உருளைக்கிழங்கா என்று கண்டுபிடிக்க என் கடையிலிருந்து நல்ல கண்ணாடியாகப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். எதைத் தொட்டாலும் ஒரே மணம், ஒரே காரம். கொஞ்ச நாளிலேயே என் நாக்கு செத்துப்போனது.

நான் ஆசைப்பட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வேலை முடிந்து வரும் வழியில், ஒடித்தால் பட்டென்று ஒடிகிற பீன்ஸ் கொஞ்சம் வாங்க வேண்டும். அதை நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, பீன்ஸ் பீன்ஸாகவே ருசிக்கும்படி சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு நாள் பூசணிக்கீற்று வாங்கிவந்து அடுப்பில் ஏற்றினேன். முகம் கழுவிவிட்டு வந்து ஒரு துண்டை வாயில் வைத்தால் உப்பு கரிக்கிறது. அப்போதுதான் இந்த வீட்டின் தொழில் ரகசியம் தெரிந்தது. அண்டாவைத் தாண்டிப் போகிறவர் கை சும்மா போகக்கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். போகிற போக்கில் ஒருவர் ஒரு பிடி உப்பு, இன்னொருவர் ஒரு பிடி மிளகாய்த்தூள் போட்டுவிட்டுத்தான் போவார். அவ்வளவு பெரிய அண்டாவில் ஒரு பிடி போன இடம் தெரியாது. பழகிய கை வீட்டுச் சட்டியைக் கண்டாலும் தானாக உப்பு ஜாடிக்குள் போய்விடுகிறது. நான் முகம் கழுவுகிற நேரத்துக்குள் எல்லோரும் சமையலறையை எட்டிப் பார்த்திருந்தார்கள். கேட்டால், ஒரு சிட்டிகைதான் போட்டேன் என்றார்கள். அவர்களுடைய ஒரு சிட்டிகையை வைத்து நான் ஒரு வாரம் ஓட்டிவிடுவேன்.

சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துக்கூடப் பார்த்தேன். கரண்டி அதை அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டு உப்பு போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராக மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும், மாமா. அதுல வேற யாரும் கை வைக்கக் கூடாது."

தனிக்குடித்தனத்துக்கு அடிபோடுகிறாளோ என்று மாமியார் தன் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை மோட்டுவளையைப் பார்த்தார். மாஸ்டர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊருக்கே சமைக்கிற வீடும்மா இது. மாஸ்டர் சமையலை அவர் மருமகளே தொடமாட்டாளாம்னு நாலு பேர் பேசினா, நாளைக்கு எவன் எனக்கு ஆர்டர் குடுப்பான்?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய ஆர்டருக்காக என் வாயை அடகு வைக்க முடியுமா? அதையும் சொல்லிவிட்டேன். கணவர் பின்னாலிருந்து என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார். மாஸ்டர் சற்று நேரம் தாடையைத் தடவினார். பிறகு ஒரு பந்தயம் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆர்டர் இல்ல. நீ சமை. எல்லாரும் உக்காந்து சாப்பிடறோம். ஒருத்தர் தட்டுல மிச்சம் இருந்தாலும் அடுப்பு பின்னால இருக்கிற பாத்திரக் குடோனுக்குப் போயிடும். அப்புறம் வாளியில வர்றதை முகம் சுளிக்காம சாப்பிடணும்."

"மிச்சம் இல்லேன்னா?"

"அடுப்பு உன்னோடது."

அன்றிரவு கணவர் எனக்குப் புத்தி சொன்னார். மாஸ்டர் நாக்குக்கு முன்னால் பெரிய பெரிய சமையல்காரர்களே கைகட்டி நின்றிருக்கிறார்களாம். பேசாமல் மன்னிப்புக் கேட்டுவிடு என்றார். அவ்வளவு அக்கறை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கீரையை அலசிக் கொடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மண் போக அலசியும் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை, பீன்ஸ், ஒரு கீற்றுப் பூசணி, நாலைந்து தக்காளி வாங்கிவந்தேன். எல்லாவற்றையும் நறுக்கியதும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதியை ஈரத்துணி போட்டு மூடி அலமாரிக்கு அடியில் தள்ளினேன். எதற்கு என்று கணவர் கேட்டார். உங்கள் வீட்டு மனிதர்களை நம்பித்தான் என்றேன்.

சோற்றை வடித்துவைத்துவிட்டு, பூசணியை அதன் தண்ணீரிலேயே வேகவிட்டேன். கீரைக்கு இரண்டு பல் பூண்டு தட்டிப்போட்டேன். பீன்ஸையும் தக்காளியையும் ஒன்றாக வதக்கினேன். சட்டிகளை மூடிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு நன்றாகத் தெரியும்.

முதலில் மாமியார் தண்ணீர் குடிக்கப் போனார். மூடி திறந்தது, ஜாடி திறந்தது, கை போய் வந்தது. அடுத்து கரண்டி. அவருக்குக் காரணம் சொல்லக்கூடத் தோன்றவில்லை, நேராகப் போய்ப் போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே வந்தார். என் கணவர் தீப்பெட்டி தேடிப் போனார். இந்த மனிதருக்குப் பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, தீப்பெட்டி எதற்கு? கடைசியில் மாஸ்டரே எழுந்து போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இந்த ஒரு நாளாவது என் சட்டியை என்னிடம் விட்டுவைக்க இவர்களுக்கு மனசு வராதா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தட்டுகளை எடுத்து வைத்துப் பரிமாறினேன்.

மாஸ்டர் ஒரு வாய் வைத்தார். உடனே தண்ணீர்ச் செம்பை எடுத்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கரண்டி வாயில் போட்டதைத் தட்டின் ஓரமாக இறக்கி வைத்தார்.

"உப்பை அள்ளிக் கொட்டியிருக்கியேம்மா," என்றார் மாஸ்டர். "அஞ்சு பேருக்குச் சமைக்கத் தெரியல. இதுல தனி அடுப்பு வேற."

"நான் இன்னும் உப்பே போடல, மாமா."

நானே தொடர்ந்தேன். பச்சைக் கீரை சட்டி நிறைய இருக்கும், வெந்தால் ஒரு பிடிக்கு அடங்கிவிடும். அதனால் எதுவாக இருந்தாலும் அடுப்பை அணைத்த பிறகுதான் நான் உப்பு போடுவேன். இன்றைக்கு அதையும் போடாமலே பரிமாறினேன்.

"இதுல இருக்கிற உப்பு பூரா உங்க நாலு பேரோடது."

நான்கு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். மறந்துவிட்டிருப்பாளே பாவம் என்றுதான் போட்டேன் என்று மாமியார் முணுமுணுத்தார். கரண்டி வழக்கம்போலச் சிட்டிகைக் கணக்கை எடுத்தார். மாஸ்டருக்குக் காது மடல் சிவந்திருந்தது.

"பந்தயம் என் சமையலுக்குத்தான். நீங்க இப்ப சாப்பிட்டது உங்க சமையல். என்னோடது இனிமேதான்," என்றேன். "அது ஆகிற வரைக்கும் யாரும் இந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது."

ஈரத்துணியை எடுத்தேன். சட்டிகளைக் கழுவி மறுபடி ஏற்றினேன். நடுவில் கரண்டி ஒத்தாசைக்கு வருவதாக எழுந்தார். நான் திரும்புவதற்குள், "உக்காருடா," என்று மாமியார் குரல் கேட்டது. அந்த ஒரு சொல்லுக்காக அவர் போட்ட உப்பை நான் மன்னித்துவிட்டேன். மாஸ்டர் இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கை என்ன பாடுபட்டதோ, அவருக்குத்தான் தெரியும்.

எல்லாம் வெந்ததும் அடுப்பை அணைத்து, அவர்கள் கண் முன்னாலேயே உப்பு போட்டேன். இவ்வளவுதானா என்று யாரோ மூச்சு விட்டது கேட்டது. பரிமாறினேன்.

நானும் ஒரு தட்டோடு உட்கார்ந்தேன். இந்த முறை யாரும் செம்பைத் தேடவில்லை. பூசணியை மென்றுகொண்டே மாமியார், இது இப்படி இனிக்குமா என்று கேட்டார். இத்தனை காலம் வண்டி வண்டியாகப் பூசணி பார்த்தவர் அவர். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கரண்டி தட்டை வழித்தார். என் கணவர் பீன்ஸில் ஒரு துண்டு விடவில்லை. மாஸ்டர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் பூசணி வை."

"தீந்துபோச்சு, மாமா."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது. ஒரு பந்தியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அதோடு கான்ட்ராக்டர் பேர் கெட்டது. மாமியார் நெஞ்சில் கை வைத்தார். என் கணவர் பழக்கதோஷத்தில் வாளி எடுத்துவர எழுந்தேவிட்டார். நான் சட்டியைச் சாய்த்து அடி தெரியும்படி காட்டினேன்.

"அஞ்சு பேருக்குச் சமைச்சா அஞ்சு பேரோட தீரணும். எனக்கு அதுல ஒரு வெக்கமும் இல்ல."

மாஸ்டர் சட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். யார் ஜெயித்தார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐந்து தட்டும் கழுவிவைத்தது போலக் கிடந்தன.

மறுநாள் காலையில் சமையலறை வாசலில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மூட்டை நின்றது. அவிழ்த்துப் பார்த்தால் பீன்ஸ். அத்தனையும் பிஞ்சு. விடிவதற்குள் மாஸ்டரே மார்க்கெட்டுக்குப் போய் வந்தாராம். வீட்டுக்குத்தானே என்று கொஞ்சமாக வாங்கியதாகச் சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது, பொய் சொல்வானேன். ஆனால் அங்கே இளகினால் போச்சு. இன்றைக்கு மூட்டை வாசலுக்கு வந்தால் நாளைக்கு அண்டா அடுப்பில் ஏறும். தட்டில் ஐந்து பேருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மூட்டையைக் கட்டினேன். அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். மாஸ்டர் அங்கே அடுக்கிவைத்த அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"இது போதும், மாமா. மிச்சத்தை உங்க விருந்துக்கு வெச்சுக்குங்க."

அவர் என் தட்டைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. கை தானாக மூட்டைக்குள் போய் ஒரு பிடி பீன்ஸை அள்ளி, என் தட்டுக்கு நேராக வந்தது. நான் தட்டை நகர்த்தவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போய், அள்ளியதை மூட்டையிலேயே போட்டது.