வாய் திறக்காத மூன்று மாதம்

அச்சகத்துப் பைண்டரைப் பேசாமல் உட்கார வைப்பதுதான் ஒரு காலத்தில் கஷ்டம். இப்போது மூன்று மாதமாக ஆள் வாயே திறப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் அவர் குனிந்து பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "பைண்டரை எட்டவே வை. அவன் வாயைத் திறந்தா நாறிடும்."

அவ்வளவுதான், மனுஷன் ஒடுங்கிப்போனார். தன் வாய் நாறுமோ என்று சின்ன வயதிலிருந்தே உள்ளூரச் சந்தேகம் உள்ளவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு நாளைக்கு நாலு தடவை பல் தேய்த்தார். ரத்தம் வரும்வரை நாக்கை வழித்தார். பல் டாக்டர் "ஒண்ணுமில்லை" என்றார். மூக்கை மூடிக்கொண்டு பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? பெண்டாட்டி முகர்ந்து பார்த்து, "ஒரு நாத்தமும் இல்லைங்க" என்றாள். கட்டினவள் வேறென்ன சொல்வாள்? சாப்பாட்டையும் மூலைக்கு மாற்றிக்கொண்டார். எதிரில் எவனாவது மூக்கைச் சொறிந்தால் இவருக்கு வியர்த்துவிடும்.

அந்தப் பேச்சுக்கு முந்தின நாள்தான் கட்டிங் மிஷின்காரருக்கு இரண்டு விரல் போயிருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று கத்திக்கு முன்னால் இருந்த தடுப்பைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர். அப்போது பக்கத்தில் இருந்து அதைக் கேட்டவர் பைண்டர் ஒருவர்தான். பழி என்னவோ மிஷின்காரர் தலையில். வருகிற வெள்ளிக்கிழமைதான் விசாரணை. சாட்சி இல்லையென்றால் அவருக்கு வேலை போய்விடும்.

"போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் பெண்டாட்டி.

"சின்ன ரூம்டி. கதவைச் சாத்திடுவாங்க. ஏழு பேரு." வெட்கத்தை விட்டு, அன்று காதில் விழுந்ததையும் சொன்னார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! உங்க வாயையா சொன்னான்? நீங்க பேசினா அவன் பண்ணின வேலை ஊருக்கே நாறிடும்னு பயந்திருக்கான்!"

பைண்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்று விடாமல் சொன்னார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, சூப்பர்வைசரைத் தவிர. மிஷின்காரருக்கு வேலை நிலைத்தது.

வெளியே வந்ததும் மிஷின்காரர் கேட்டார். "நானாத்தான் தடுப்பைக் கழட்டினேன்னு என் பொண்ணுகூட நம்பிட்டாண்ணே. பக்கத்து மேஜையிலதானே இருந்தீங்க? மூணு மாசம் ஏன் பேசலை?"

"என் வாய் நாறுமோன்னு பயந்துட்டேன்" என்றார் பைண்டர்.

மிஷின்காரர் அவர் முகத்தையே பார்த்தார். "சொல்ல இஷ்டமில்லேன்னா விடுங்க. பொய் வேண்டாம்" என்று சொல்லி, மூன்று விரல் கையால் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.