கூட வாசித்தவர்

பாடையைத் தூக்க நாலு பேர் குனிந்தபோது ஆனந்தவள்ளி மூங்கிலைப் பிடித்து அமுக்கினாள்.

"பிரான்சி அண்ணன் வரட்டும்."

கொழுந்தன் மாதவன் பல்லைக் கடித்தான். ஓயாமரி சுடுகாட்டில் நாலு மணிக்கு நேரம் வாங்கியிருந்தது. இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டான்.

அவள் புருஷன் வீரமலை வெங்காய மண்டியில் சுமை தூக்குகிறவர். நேற்று விடிகாலை லாரியிலிருந்து இறக்கிய மூட்டைமேலேயே சாய்ந்தார், எழவில்லை. சாயங்காலமானால் காட்டூரில் சந்துக்குப் பின்னாலிருக்கும் பிரான்சியின் வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கிடார் கிடந்தது. அதில் வாசிப்பது அமெரிக்காவில் பருத்திக் காட்டில் முதுகொடிந்த கறுப்பு ஜனங்களின் பாட்டாம், ப்ளூஸ் என்று பேராம். ஆம்பளைகள் உட்காரும் இடமென்று அவள் போனதில்லை. தண்ணீர் பிடிக்கையில் பட்டறைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்பாள். ஒருத்தர் அடியில் தொம் தொம்மென்று விடாமல் நடப்பார். இன்னொருத்தர் அதன்மேல் அழுவார், கேலி பேசுவார், ஓடுவார். அழுவது தன் புருஷன், நடப்பது பிரான்சி என்று அவளாகவே பிரித்து வைத்திருந்தாள். சுண்டல் கொடுத்துவிட்டால் இரண்டு பொட்டலம்.

துறையூருக்கு கேட் மாட்டப் போயிருந்த பிரான்சி, அவள் போனில் சொன்னபடி பட்டறைக்குப் போய்க் கிடாரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, உங்க பங்கை மட்டும் வாசிங்க. அந்தத் தொம் தொம். அவரோடது இல்லாட்டி பரவால்ல. கேட்டுட்டுப் போகட்டும்."

பிரான்சி கிடாரைச் சுவரில் சாய்த்தார்.

"எனக்கு இதைப் பிடிக்கவே தெரியாதும்மா. நான் சுண்டல் தின்னவன்தான். ரெண்டும் அவருதான்."

"ரெண்டு பேரு சத்தம் கேட்டுச்சே."

"ஒரே கைம்மா. வலது கை."

போனில் தான் எடுத்து வைத்திருந்த வீடியோவை ஓட்டி நீட்டினார். திரையில் முகமில்லை, கை மட்டும். மூட்டைக் கொக்கி கிழித்த தழும்பு இருந்தது. உள்ளங்கையின் அடிப்பக்கம் தடித்த கம்பிகள்மேல் அழுந்தி, சத்தத்தை மந்தமாக்கியது. கட்டைவிரல் ஒரு கம்பியைத் தட்டி, அடுத்ததைத் தட்டி, மறுபடி முதலுக்கு வந்தது. முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் இறங்குகிறவன் நடை. கீழே இரண்டு விரல்கள் மெல்லிய கம்பிகளைக் கிள்ளின. பிந்தின, முந்தின, சண்டை போட்டன. கட்டைவிரல் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மாதவனும் மண்டியில் மூட்டை தூக்குகிறவன்தான். குனிந்து பார்த்தவன் அண்ணனா இது என்றான். தூக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பறையடிக்க வந்த பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கட்டைவிரலுக்குத் தனி மூளை வச்சிருந்திருக்காருய்யா," என்றார்.

பாட்டு முடிகிறவரை நின்றார்கள். பாடையில் அந்தக் கை நெஞ்சின்மேல் கிடந்தது. இரண்டு கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆனந்தவள்ளி அதையே பார்த்தாள். இருபத்தாறு வருஷம் சோறு போட்டாள். அந்தக் கைதான் சாப்பிட்டது.

"எடுக்கலாமா அண்ணி?" மாதவன் குரல் இறங்கியிருந்தது.

தலையசைத்தாள்.

சந்து முனையில் பறைச் சத்தம் தேய்ந்தது. பெண்கள் வாசலைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். சுவரோரம் உட்கார்ந்தவள், முழங்கால்மேல் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தாள். தொம், தொம். நின்றுவிடாமல் பழக்கிக்கொண்டாள். பிறகு ஆள்காட்டி விரலை மெதுவாகத் தூக்கினாள்.

கட்டைவிரல் நின்றுவிட்டது.

மறுபடி முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள்.