துரியன் மரத்து உபயம்

தாய்லாந்தின் பாரம்பரியப் பழத்தோட்டங்களை அழிவிலிருந்து மீட்கும் உலக மாநாடு, சென்ற மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, லண்டன் இல்ஃபோர்டில், சதாசிவத்தின் முன்னறையில் கூடியது. உலகத்தின் சார்பில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நால்வர் வடைக்காக.

முப்பது வருடங்களுக்கு முன், லண்டனுக்கு வரும் வழியில் ஆளனுப்பும் ஏஜென்ட் கைவிட்டதால், பாங்காக்குக்கு வெளியே ஒரு துரியன் தோட்டத்தில் பதினொரு மாதம் ஒளிந்திருந்தவர் சதாசிவம். வாய்க்கால் சேற்றை அள்ளி மரங்களுக்குப் போடுவது ஒரு வேலை. பொலிஸ் படகு வந்தால், கரையோரத்து வளைந்த மரத்தின் பின்னால் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது மற்ற வேலை. இப்போது தோட்டக்காரரின் மகள் நொய் எழுதியிருந்தாள்: பழத்தை மட்டும் நம்பி இனித் தாங்காது. மரங்களை ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, எடுப்பவர்களைப் படகில் சுற்றிக்காட்டித் தங்கவைக்கப் போகிறோம். மாத முடிவுக்குள் நாற்பது மரத்துக்கு ஆள் சேராவிட்டால், அப்பா வீடு கட்டுகிற கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கோபாலகிருஷ்ணன் ஒரு ஆலோசகர்; எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நாற்பது நிமிடம் ஸ்லைடு காட்டினார். "இது வெறும் மரம் இல்லைங்க. ஒரு எகோசிஸ்டம்." ஒரு மரமும் போகவில்லை.

வடைக்கு வந்த நால்வரில் ஒருத்தியான கிளறிற்றா வடையைக் கீழே வைத்தாள். "அண்ணை, மரத்திலை எங்கடை பேர் போடுவினமோ? உபயம் எண்டு?"

நொய்யைக் கேட்காமலே சதாசிவம் சொன்னார்: "ஓம், உபயம் எண்டுதான்."

டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயரெழுதிக் கோயிலுக்குக் கொடுத்த பரம்பரை. செய்தி வால்தம்ஸ்டோ வரை போனது. போனில் கேட்டார்கள்: "றூபினி வீட்டாற்றை பேர்ப்பலகை எவ்வளவு பெரிசு? எங்கடை ஒரு இஞ்சி கூட இருக்கட்டும்." புதன்கிழமைக்குள் முப்பத்தொன்பது.

வளைந்த மரத்தை மட்டும் சதாசிவம் யாருக்கும் விடாமல் தானே எடுத்தார்.

"துரியன் எண்டால் முப்பது வருசமா மூக்கைப் பொத்துற மனிசன்," என்றாள் மனைவி நீலவேணி. "உங்களுக்கென்னத்துக்கு மரம்?"

"பழத்துக்கில்லை."

அவள் பிறகு கேலி செய்யவில்லை.

பலகைகள் பார்சலில் போயின. படங்கள் வந்தன. தோட்டம் தப்பிவிட்டது. கடைசிப் படத்தில் மரம் இல்லை. தண்ணீரோரம் ஒரு மூங்கில் கம்பு, அதில் அவருடைய பலகை. மரம் 2011-ல் வந்த பெரிய வெள்ளத்திலேயே பட்டுப்போனது, சொல்ல மனம் வரவில்லை என்று நொய் எழுதியிருந்தாள். சதாசிவம் படத்தைப் பெரிதாக்கினார். கம்பை விட்டு, தான் நின்ற தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

தமிழ் எழுத்து தெரியாத ஊரில், நாற்பது பலகைகளும் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தன.